தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கடலடி உலகப்போர்க் கப்பல்களுக்கு: ஸ்கூபா பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

கடற்கரையே இல்லாத இரண்டு மாவட்டங்களில் இருந்துகொண்டு, இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய கப்பலை நேரில் நீந்திப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் நம்ம பக்கத்தில் கூடிக்கொண்டே வருகிறார்கள். பெரும்பாலும் ஓசூர், பெங்களூர்ப் பக்கம் வேலையில் இருப்பவர்கள். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, எடுத்த எடுப்பில் "டிக்கெட் எவ்வளவு ஆகும்?" என்று ஆரம்பிப்பார்கள். டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம். அந்தக் கப்பல் எத்தனை மீட்டரில் கிடக்கிறது, உங்கள் பயிற்சி எத்தனை மீட்டர் வரை தாங்கும், இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் எழுதி வைக்க வேண்டும். எந்த நாடு, எந்த மாதம், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் முடிவாகும்.

முதலில், எந்தக் கப்பல்?

உலகத்தில் இதற்கென்றே பேர்போன இடங்கள் சில இருக்கின்றன. பசிபிக் பெருங்கடலின் மைக்ரோனேசியாவில் இருக்கும் சூக் காயல் அதில் முதலாவது. 1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் அங்கே நின்ற ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கி 40-க்கும் மேற்பட்டவற்றை மூழ்கடித்தன. ஃபுஜிகாவா மாரு என்ற சரக்குக் கப்பலின் அடித்தளத்தில் ஜீரோ போர்விமானங்களின் பாகங்கள் இன்னும் கிடக்கின்றன. அடுத்தது பிலிப்பைன்ஸில் பலவான் மாகாணத்தைச் சேர்ந்த கொரோன். அங்கே 1944 செப்டம்பர் 24-ஆம் தேதி ஒரே நாளில் ஒரு ஜப்பானிய சப்ளைக் கப்பல் கூட்டமே காலியானது. அதே பசிபிக்கின் வனுவாட்டுவில் கிடக்கும் பிரசிடென்ட் கூலிட்ஜ் என்ற அமெரிக்கக் கப்பலின் கதை விநோதமானது. சொகுசுப் பயணிகள் கப்பலாக இருந்து போர்வீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலாக மாறி, 1942 அக்டோபரில் தன் நாட்டுப் படை வைத்த கண்ணிவெடியிலேயே போய் மோதியது.

ஆனால் நமக்கு முதல் கப்பலாக இந்த மூன்றையும் நான் சொல்ல மாட்டேன். இலங்கையின் கிழக்குக் கரையைத்தான் சொல்வேன், மட்டக்களப்பு மாவட்டத்தின் பாசிக்குடா.

காரணம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, 9-ஆம் தேதி திருகோணமலை. சென்னையைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் உள் மாவட்டங்களுக்கு ஓடியது இதே ஏப்ரலில்தான். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று அங்கிருந்த விலங்குக் காட்சிசாலையின் கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றதும் அப்போதுதான். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து தப்பித்துக் கிளம்பிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், தன்மேல் ஒரு விமானம்கூட இல்லாத நிலையில், 9-ஆம் தேதி மட்டக்களப்புக்கு அருகே மாட்டிக்கொண்டு மூழ்கியது. அதில் 307 பேர் இறந்தார்கள். துணைக்குப் போன வேம்பயர் என்ற ஆஸ்திரேலியக் கப்பலும் போயிற்று. அதே நாள், அதே கடலில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் மூழ்கியது.

ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அது டெக்னிக்கல் டைவிங், அதாவது பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லைக்கும் கீழே இறங்கத் தனியாகப் படித்தவர்களுக்கானது, ஆசைப்பட்டால் மட்டும் போதாது. பிரிட்டிஷ் சார்ஜன்ட் அப்படியில்லை, சுமார் 24 மீட்டரில் இரண்டாக உடைந்து கிடக்கிறது. அட்வான்ஸ்ட் என்ற இரண்டாம் நிலைச் சான்றிதழ் உள்ளவருக்கு இது சரியான ஆழம். இன்னொன்றும் இருக்கிறது. அங்கே படகுக்காரரும் டைவ் வழிகாட்டியும் தமிழ் பேசுபவராக அமைய நல்ல வாய்ப்பு உண்டு. இறங்குவதற்கு முன் சொல்லப்படும் பாதுகாப்பு விளக்கத்தைத் தாய்மொழியில் கேட்பதன் அருமை, அரைகுறையாகப் புரிந்த ஆங்கிலத்தில் தலையாட்டிவிட்டு இறங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

ஆக, என் வரிசை இதுதான்: முதலில் பாசிக்குடா, பிறகு கொரோன், கையில் காசும் அனுபவமும் சேர்ந்த பிறகு சூக்.

உடம்பையும் நீச்சலையும் சரிபார்ப்பது

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் கிணற்றில் நீச்சல் கற்றவர்கள். மேட்டிலிருந்து குதித்து, மூச்சை அடக்கி, அடியில் போய் மண்ணை அள்ளிக்கொண்டு வருகிற நீச்சல். தண்ணீர் பயம் இருக்காது, அது பெரிய லாபம். ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒன்றை முழுக்க விட்டுவிட வேண்டும். முதுகில் காற்று சிலிண்டரோடு இறங்கும் ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. அழுத்தக் காற்றை உள்ளே இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால், அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் இருக்கும் காற்று விரியும், கிழித்துவிடும். இதற்கு ஆழம்கூட வேண்டாம், சில மீட்டரே போதும். கிணற்றுக்காரர்களுக்கு பயிற்றுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது இதைத்தான்.

பயிற்சியில் சேரும்போது ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், சர்க்கரை, காது அறுவை சிகிச்சை, பழைய காசநோய் எல்லாம் கேட்டிருக்கும். ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். டாக்டரிடம் போக அலுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுகிற ஆட்கள் உண்டு. அந்தப் பொய் படிவத்தோடு முடிந்துவிடாது, தண்ணீருக்கு அடியிலும் கூடவே வரும். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் டைவ் செய்யவே முடியாது என்றில்லை, கட்டுப்பாட்டில் இருந்தால் பலர் செய்கிறார்கள், ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நீச்சல் சோதனை ஒன்றும் பயங்கரமானதில்லை. நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். கிணற்றில் மணிக்கணக்கில் கிடந்தவர்கள்கூட நேராக 200 மீட்டர் நீந்தச் சொன்னால் திணறுவார்கள், கிணற்றில் அந்த நீளம் ஏது? ஓசூரிலோ பெங்களூரிலோ ஒரு நீச்சல்குளத்தில் இரண்டு மாதம் பழகிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்

பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) என்று பயிற்சி அமைப்புகள் சில இருக்கின்றன, எதில் படித்தாலும் உலகம் முழுக்கச் செல்லும். ஓப்பன் வாட்டர் என்பது முதல் நிலை, மூன்று நான்கு நாள், 18 மீட்டர் வரை போகலாம். அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர் அடுத்தது, 30 மீட்டர். அதற்கு மேல் டீப் என்ற தனிப் பயிற்சி, 40 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை அவ்வளவுதான். போர்க்கப்பல் பார்க்க வேண்டுமென்றால் அட்வான்ஸ்ட் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே படிப்பது? நமக்குப் பக்கம் புதுச்சேரி. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியே போகலாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அங்கே தண்ணீர் கலங்கலாக இருக்கும் என்பதை மனதில் வைத்து நாள் குறியுங்கள். கர்நாடகக் கரையில் முருதேஸ்வருக்கு எதிரே உள்ள நேத்ராணித் தீவு இன்னொரு வழி, அது அக்டோபர் முதல் மே வரை. அந்தமானில் நீர் தெளிவு அதிகம், செலவும் அதிகம். பெங்களூரில் சில பயிற்சி நிலையங்கள் பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துவிட்டுக் கடலுக்கு மட்டும் அழைத்துப் போகின்றன. வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி அதுதான்.

ஒரு விஷயம் நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். டைவ் செய்த பிறகு உயரமான இடத்துக்குப் போவது, விமானம் ஏறுவது மாதிரியேதான் உடம்புக்கு. டைவிங் கணக்கில் 300 மீட்டருக்கு மேல் போனாலே உயரம்தான். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டரை ஒட்டி இருக்கின்றன, ஓசூர் 900-ஐ நெருங்குகிறது, பெங்களூர் அதற்கும் கொஞ்சம் மேல். புதுச்சேரியில் மதியம் வரை டைவ் செய்துவிட்டு மாலையே பைக்கை எடுத்துக்கொண்டு ஓசூருக்குக் கிளம்புவது கூடாது. ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அன்று இரவு கடற்கரையிலேயே தங்கி மறுநாள் கிளம்புங்கள். கடலோரத்து ஆட்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லாததால், அங்கே யாரும் இதை உங்களுக்கு ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

கப்பலுக்கென்று தனியாகப் பழக வேண்டியவை

அட்வான்ஸ்ட் அட்டை கையில் வந்ததும் உடனே பறக்க வேண்டாம். பவளப்பாறை மேல் மிதப்பதும் கப்பலைச் சுற்றி நீந்துவதும் வேறு வேறு. கப்பல் முழுக்கத் துரு, கூரான தகடு, அறுந்த கம்பி, பழைய மீன்வலை. அதோடு உள்ளே எண்பது வருஷத்து வண்டல் படிந்திருக்கிறது. காலில் மாட்டிய துடுப்பால் கீழ்நோக்கி ஓர் உதை கொடுத்தால் போதும், ஒரு நொடியில் கை எட்டும் தூரம்கூடத் தெரியாது. அதனால் முதலில் மிதவைக் கட்டுப்பாடு வர வேண்டும், அதாவது எதையும் தொடாமல், ஏறாமல் இறங்காமல், ஒரே மட்டத்தில் நிற்பது. தவளை மாதிரி காலைப் பக்கவாட்டில் மடக்கி உதைக்கும் நீச்சலும் வர வேண்டும். நம்மூர்க் கிணற்று நீச்சலில் பலருக்கு இது ஏற்கெனவே பாதி வந்திருக்கும்.

அடுத்து காற்றுக் கணக்கு. இதை ஏஜென்சிக்காரரிடம் விட்டுவிடாதீர்கள், நீங்களே போட வேண்டும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும், மேலே இருக்கும் காற்றழுத்தத்தின் அளவு ஒரு மடங்கு கூடிக்கொண்டே போகும், 30 மீட்டரில் மொத்தம் நான்கு மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் 30 மீட்டரில் 80 லிட்டர் இழுப்பார். வழக்கமாகத் தரும் அலுமினிய சிலிண்டர் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் சுமார் 2,200 லிட்டர். அதில் 50 பாரை ரிசர்வாக விட்டால் மிச்சம் 1,650 லிட்டர், வகுத்துப் பாருங்கள், 20 நிமிடம். அதற்குள் மேலே ஏறும் நேரமும் அடக்கம். பயந்து வேகமாக மூச்சு விட்டால் இன்னும் குறையும். காற்று இருந்தாலும் நைட்ரஜன் விடாது: மேலே ஏறும் வழியில் நைட்ரஜன் வெளியேற நடுவில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லாமல், பாடி அட்டவணைப்படி 30 மீட்டரில் இருக்கக்கூடிய உச்ச நேரமும் 20 நிமிடம்தான்.

இங்கேதான் நைட்ராக்ஸ் உதவும். ஆக்சிஜன் 32 சதவீதமாகக் கூட்டிய காற்று. அதே 30 மீட்டரில் 30 நிமிடம் வரை தரும். ஒரு நாள் வகுப்பு, ரொம்ப சுலபம், கப்பல் பயணத்துக்கு முன் கட்டாயம் முடித்துவிடுங்கள். ஆனால் அந்தக் கலவையில் 33 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது, ஆக்சிஜனே விஷமாகிவிடும். அதனால் ஆழமான கப்பலுக்கு நைட்ராக்ஸ் பொருந்தாத நேரமும் உண்டு.

கப்பலுக்குள் நுழைவது பற்றி: ரெக் என்ற மூழ்கிய கப்பலுக்கான தனிப் பயிற்சி இல்லாமல் நுழையாதீர்கள். பயிற்சி இருந்தாலும் வெளிச்சம் வருகிற பகுதி வரைதான். உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு காற்று, வெளியே வர ஒரு பங்கு, மிச்சம் ஒரு பங்கு ஆபத்துக்கு. ஆளுக்கு ஒரு பெரிய டார்ச்சும் குறைந்தது ஒரு உபரி டார்ச்சும். வழிகாட்டி "வாங்க வாங்க, ஒன்னும் ஆகாது" என்று ஒரு இருட்டுக் கதவைக் காட்டினால், கையை ஆட்டி மறுத்துவிட்டு வெளியிலேயே நில்லுங்கள். கப்பலின் அழகு முக்கால்வாசி வெளியில்தான் இருக்கிறது.

மாதம் குறிப்பது

இலங்கைக் கிழக்குக் கரை ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அமைதி. கொரோன் நவம்பரிலிருந்து மே வரை நல்லது. ஜூனுக்குப் பிறகு அங்கே புயல் காலம். சூக்கில் வருஷம் முழுக்க டைவ் செய்யலாம், டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு.

மாம்பழ வியாபாரம், மண்டி, கூழ் தொழிற்சாலை என்று ஏதாவது ஒன்றில் வீடே மாட்டியிருக்கும் கிருஷ்ணகிரிக்காரர்கள் மே, ஜூனில் எங்கும் நகர முடியாது. அவர்களுக்கு ஆகஸ்டில் பாசிக்குடா, அடுத்த பொங்கலை ஒட்டி கொரோன் என்று வைத்தால் சரியாக வரும். பிலிப்பைன்ஸ் போகிறவர்கள் ஈஸ்டருக்கு முந்தின வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், நாடே விடுமுறையில் இருக்கும், அறை கிடைக்காது.

விசா, விமானம், வழி

இலங்கைக்கு ஆன்லைனில் மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும். கொழும்புக்கு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விமானம் உண்டு. கொழும்பிலிருந்து மட்டக்களப்பு ரயில் பாதையில் வாழைச்சேனை, கல்குடா நிலையங்கள் பாசிக்குடாவுக்குப் பக்கம், பஸ்ஸும் இருக்கிறது.

பிலிப்பைன்ஸ் 2025-இலிருந்து இந்தியர்களுக்குச் சுற்றுலாவுக்கு 14 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் செல்லுபடி, திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் பதிவு எல்லாம் கையில் வேண்டும். நுழைவதற்கு முன் இ-டிராவல் என்ற அரசு தளத்தில் பதிவு செய்ய வேண்டும், அது இலவசம், காசு கேட்கும் தளம் எல்லாம் போலி. இந்த விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் நாளில் ஒருமுறை தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். பெங்களூரிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் மாதிரி ஏதாவது ஓர் ஊர் மாறி மணிலா, அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் கொரோனுக்கான விமான நிலையம் இருக்கும் புசுவாங்கா. அந்தக் கடைசி விமானம் சின்னது, மூட்டை எடையில் கறாராக இருப்பார்கள்.

சூக்குக்குப் போகும் வழக்கமான வழி குவாம். குவாம் அமெரிக்காவுக்குச் சொந்தம் என்பதால், அங்கே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். அதனால்தான் அதைக் கடைசியில் வைத்தேன்.

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. ஏர்போர்ட்டோ பெங்களூரின் மறுகோடியில், தேவனஹள்ளியில். அத்திப்பள்ளியிலிருந்து நகரத்தைத் தாண்டுவதற்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளி மாலை, ஞாயிறு மாலை விமானம் என்றால் நினைத்ததற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே கிளம்புங்கள்.

டைவ் கடையைத் தேர்ந்தெடுப்பது

விலையைக் கேட்பதற்கு முன் மெயிலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? நான்குக்கு மேல் என்றால் கப்பலுக்கு அது கூட்டம். படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா? பக்கத்தில் நைட்ரஜன் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே, அங்கே போக எத்தனை மணி நேரம்? முதல் நாள் ஆழம் குறைந்த இடத்தில் சோதனை டைவ் வைப்பார்களா? பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் சான்றிதழையும் இதுவரை செய்த டைவ்களின் பதிவேட்டையும் கேட்காமலே 40 மீட்டர் கப்பலுக்கு "வாங்க" என்று சொல்லும் கடை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

காப்பீடும் இந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபாவை விலக்கியிருப்பார்கள், அல்லது ஆழ வரம்பு போட்டிருப்பார்கள். பொடி எழுத்தைப் படியுங்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், சுருக்கமாக டான், டைவர்களுக்கென்றே காப்பீடு தருகிறது. அழுத்த அறை சிகிச்சையும் விமானத்தில் தூக்கிச் செல்வதும் குடும்பத்தையே கடனில் தள்ளக்கூடிய செலவுகள்.

கொரோனில் நாள்களை அடுக்குவது

சேர்ந்த அடுத்த நாள் லூசோங் கன்போட் என்ற சின்னக் கப்பல். அதன் பின்பகுதி கடல் வற்றும்போது தண்ணீருக்கு மேலேயே தெரியும், அடிப்பகுதி 11 மீட்டரில்தான். காது, எடை, மிதவை எல்லாம் சரியாகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. அடுத்து ஒகிகாவா மாரு, பெரிய எண்ணெய்க் கப்பல், மேல்தளம் ஆழம் குறைவாக இருக்கிறது, அடிப்பகுதி சுமார் 26 மீட்டரில். மூன்றாம் நாள் கோக்யோ மாரு, சுமார் 34 மீட்டரில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது, விமான ஓடுதளம் கட்ட ஏற்றிவந்த சிமென்ட் மூட்டைகள் மூட்டையாகவே கல்லாகி அடுக்கிக் கிடக்கின்றன, ஒரு புல்டோசரும் உண்டு. எனக்குப் பீரங்கியைவிட இந்த மூட்டைகள்தான் பிடிக்கும்.

கடல்விமானங்களைச் சுமந்த அகிட்சுஷிமாவும், உணவு சுமந்த குளிர்பதனக் கப்பலான இராகோவும் ஆழமானவை. இராகோ 40 மீட்டரைத் தாண்டும். டீப் பயிற்சி இருந்தால் மட்டும், அதுவும் அன்றைய முதல் டைவாக. நடுவில் ஒரு நாள் கட்டாயம் ஓய்வு விடுங்கள், பாரகுடா ஏரிக்குப் போய்ச் சும்மா சுற்றிப் பாருங்கள்.

எங்கே போனாலும், கப்பலிலிருந்து ஒரு திருகாணிகூட எடுக்காதீர்கள். சட்டப்படி குற்றம், அதோடு பல கப்பல்களில் இன்னும் ஆட்களின் எலும்புகள் இருக்கின்றன. வெடிக்காத குண்டுகளும் உண்டு. ஜாவா கடலில் கிடந்த டச்சுப் போர்க்கப்பல்களை இரும்புக்காக முழுசாகவே திருடிவிட்டார்கள், 2016-இல் போய்ப் பார்த்தபோது கடலடியில் பள்ளம்தான் மிச்சம்.

மூட்டை

முகமூடி மட்டும் சொந்தமாக வாங்குங்கள், காசு மிச்சமிருந்தால் டைவ் கம்ப்யூட்டர். மற்றதெல்லாம் வாடகை. கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் லென்ஸ் வைத்த முகமூடி கிடைக்கும். அடர்த்தியான மீசைக்காரர்களுக்கு முகமூடிக்குள் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். மூக்குக்குக் கீழே மட்டும் மெல்லிசாக ஒரு கோடு மழித்தால் சரியாகிவிடும், மீசையின் கம்பீரம் குறையாது. டார்ச் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான், கத்தி இருந்தால் செக்-இன் பெட்டியில். 3 மில்லிமீட்டர் உடை இந்தக் கடல்களுக்குப் போதும், ஆனால் உடம்பு முழுக்க மூடுவதாக இருக்கட்டும், துருவுக்கும் சிங்கமீன் முள்ளுக்கும் அது நல்லது. படகு வாந்தி மாத்திரையை ஊரிலேயே ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், சிலருக்குத் தூக்கம் சொக்கும். சைவக்காரர்கள் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துக்கொண்டு போனால், அரிசிச் சோறு எங்கும் கிடைக்கும் என்பதால் பிழைத்துக்கொள்ளலாம்.

சளி பிடித்திருந்தால் அன்று இறங்க வேண்டாம். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குபவர்கள், மாத்திரை வேலை முடிந்து மேலே ஏறும்போது காதில் மாட்டிக்கொள்வார்கள்.

திரும்பும்போது

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் 24. டிக்கெட் போடும்போதே இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் யோசித்தால் ஆசை ஜெயித்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் உடம்பைக் கவனியுங்கள். மூட்டில் வலி, தோலில் புள்ளி, கை கால் மரத்துப்போவது, காரணமில்லாத களைப்பு, தலைசுற்றல் என்று எது வந்தாலும் அது நைட்ரஜன் பாதிப்பாக இருக்கலாம், பயண அலுப்பு என்று தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள். டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாக, எத்தனை மீட்டர் ஆழத்தில் எந்த நாள் வரை டைவ் செய்தீர்கள் என்று சொல்லுங்கள், நம்ம பக்கத்தில் அதைத் தானாகக் கேட்கும் டாக்டர் அபூர்வம். டான் அவசர எண்ணை வீட்டில் இன்னொருவர் போனிலும் பதிந்து வையுங்கள்.